கோடை விடுமுறையில் பனி பார்க்க: குடும்பத்தோடு காரில் மணாலியும் லாஹௌலும் செல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் ஏப்ரல் இறுதிதான் இமயமலையின் கீழ்ச்சரிவுகளிலிருந்து பனி விடைபெறும் நேரமும். சனவரியில் போனால் பேருந்து நிலையத்திலேயே பனியைப் பார்க்கலாம் என்று தெரிந்தாலும், பிள்ளைகளின் தேர்வும் பெரியவர்களின் விடுப்பும் ஒத்துவருவது மே மாதத்தில் மட்டும்தான் என்பதால், நம்மில் பெரும்பாலோர் பருவத்தின் கடைசியில் போய் நிற்கிறோம். நாங்கள் முதல்முறை போனபோது மே மூன்றாம் வாரம். வழியில் வாடகைக்கு எடுத்த தடித்த பனியுடைகளை மாட்டிக்கொண்டு மணாலி அருகேயுள்ள சோலாங் பள்ளத்தாக்கில் இறங்கினால், எதிரே பசும்புல்லும் மேய்கிற குதிரைகளும்தான் இருந்தன. "பனி எங்கேப்பா?" என்று கேட்ட இளையவளுக்குத் தொலைவிலிருந்த சிகரத்தைக் கைகாட்டியதோடு அன்றைய நாள் முடிந்தது. இரண்டாண்டுகள் கழித்து அதே மாதத்தில் மீண்டும் போனபோது, ஊர்ப்பெயரை நம்பாமல் உயரத்தைக் கணக்கிட்டுத் திட்டமிட்டோம். பிள்ளைகள் போதும் போதும் என்னும்வரை பனியில் புரண்டார்கள். அந்த இரண்டாம் பயணத்தின் முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: ஊரைத் தேடாமல் உயரத்தைத் தேடுங்கள்

தமிழில் பனி என்ற ஒரே சொல் மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் துளியையும், சனவரியில் ஊட்டிப் புல்வெளியை வெளுக்கச் செய்யும் உறைபனியையும், இமயத்தில் ஆள் உயரத்துக்குக் குவியும் வெண்பனியையும் குறிக்கிறது. இந்த வழிகாட்டியில் பனி என்று எழுதும் இடமெல்லாம் வெண்பனியையே சொல்கிறேன்.

மணாலி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். அதாவது மணாலி ஊட்டியைவிடத் தாழ்வானது. அது குளிர்காலத்தில் பனியைக் காண்பதற்குக் காரணம், நிலநடுக்கோட்டிலிருந்து 32 பாகை வடக்கே இருப்பதும், மத்திய தரைக்கடல் பக்கத்திலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் 'மேற்கத்திய இடையூறு' என்னும் காற்றமைப்புகள் அங்கே மோதுவதும்தான். எங்களை ஏமாற்றிய சோலாங் சுமார் 2,560 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட அதுவும் சற்றுத் தாழ்வு. மே மாத வெயிலில் அந்த உயரத்தில் பனி நிற்காது என்பதை இந்த ஓர் ஒப்பீடே சொல்லிவிடும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுக்கணக்கு. வெயில் ஏற ஏறப் பனியின் கீழ்விளிம்பு மலையில் மேலே நகர்ந்துகொண்டே போகும். சாதாரண ஆண்டில் ஏப்ரல் கடைசி வாரத்தில் 3,100, 3,200 மீட்டர் உயரத்தில் சாலையோரப் பனி கிடைக்கும்; மே நடுவில் 3,500 மீட்டருக்கு மேலே போக வேண்டியிருக்கும்; ஜூன் தொடக்கத்தில் 3,900 மீட்டரில்கூட நிழல் விழும் சரிவுகளில் மட்டுமே மிஞ்சியிருக்கும். குளிர்காலத்தில் எவ்வளவு பெய்தது என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு இரண்டு வாரம் முன்னே பின்னே தள்ளும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத் தெரிந்து வைத்திருப்பது பலன் தரும். குளிர்காலத்தில் பனிச்சரிவு பாய்ந்து இறங்கிய ஓடைப்பள்ளங்களில் பனி பல மீட்டர் ஆழத்துக்கு இறுகிக் கிடக்கும். வடக்கு நோக்கிய சரிவுகளில் வெயில் குறைவாக விழும். இந்த இரண்டு வகை இடங்களிலும் சுற்றுப்புறம் முழுக்கப் பச்சையான பிறகும் வாரக்கணக்கில் பனி இருக்கும். மேலே மண் படிந்து அழுக்காகத் தெரியும் என்பதால் படத்தில் அழகாக விழாது. ஆனால் முதன்முதலாகப் பனியைத் தொடும் குழந்தைக்கு அந்தக் குறை தெரியாது.

இரண்டாம் படி: தேதியைக் குறியுங்கள்

தேர்வு எப்போது முடிகிறதோ அதற்கு அடுத்த நாளே கிளம்புவது நல்லது. விடுமுறையின் முதல் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்துக்கும் இடையே பனி 300, 400 மீட்டர் மேலே ஏறிவிடக்கூடும். அந்தக் கூடுதல் உயரத்தைச் சிறு பிள்ளைகளின் உடல்தான் தாங்க வேண்டும். மே நடுவிலிருந்து வட இந்தியப் பள்ளிகளுக்கும் விடுமுறை தொடங்கிவிடுவதால் விடுதி வாடகையும் சாலை நெரிசலும் ஒருசேர ஏறும். ஆகவே ஏப்ரல் 25 முதல் மே 12 வரையிலான காலத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அதற்குப் பிறகு போகிறவர்கள் மணாலிக்கு மேலேயுள்ள ரோஹ்தாங் கணவாயை நம்பித் திட்டமிட வேண்டும். ஜூன் பிற்பகுதியில் பருவமழை இமாசலத்தை எட்டும்போது மண்சரிவும் வந்துவிடும். அந்தக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. மே 10 அன்று ரயிலேற வேண்டுமானால் மார்ச் 11 காலையிலேயே முன்பதிவு செய்ய உட்கார வேண்டும்.

குல்மார்க், சோனமார்க், சிக்கிமின் நாதுலா ஆகியவற்றிலும் மே மாதத்தில் பனி கிடைக்கும். நாதுலாவுக்கு அனுமதிச்சீட்டும் உள்ளூர் வண்டியும் வேண்டும். சம்மு காசுமீரில் பிற மாநில முன்கட்டண சிம் அட்டை வேலை செய்யாது. குல்மார்க்கில் பனிக்குப் போவது கம்பிவட ஊர்தியில்தானே தவிரக் காரில் இல்லை. நம் வண்டியில், நம் நேரத்தில், பனி இருக்கும் இடம்வரை ஏறிப் போய் இறங்கிவரலாம் என்ற ஒரு காரணத்துக்காகவே மணாலியைத் தேர்ந்தெடுத்தேன்.

மூன்றாம் படி: சண்டிகரும் வண்டியும்

தமிழ்நாட்டிலிருந்து சொந்தக் காரிலேயே போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையிலிருந்து சண்டிகர் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். மே மாதத்தில் நாக்பூரையும் ஜான்சியையும் 45 பாகை வெயிலில் கடக்க வேண்டும். பனிக்குப் போய்ச் சேருமுன்பே நான்கு நாள் கரைந்து பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். டெல்லிவரை தமிழ்நாடு எக்ஸ்பிரசில் இரண்டு இரவுகள் பயணம் செய்து, அங்கிருந்து சதாப்தி ரயிலில் சுமார் மூன்றரை மணி நேரத்தில் சண்டிகர் சேர்வதோ, விமானத்தில் போவதோ போதுமானது. கார்ப்பயணம் சண்டிகரில் தொடங்கட்டும்.

வண்டிக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஓட்டுநரோடு டாக்சி எடுப்பது முதல் வழி. நாமே ஓட்டும் வாடகைக் கார் இரண்டாவது. மலைப்பாதை பழகாதவர்களுக்கு நான் முதல் வழியையே சொல்வேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கியவர்கள் தாராளமாக ஓட்டலாம் என்றாலும், இங்கே வளைவைவிட நீளம்தான் சோதிக்கும். டாக்சி பேசும்போது, "சோலாங் வரை மட்டுமா, அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி லாஹௌலில் உள்ள கோக்சர், சிஸ்ஸு வரையிலுமா, ரோஹ்தாங் திறந்திருந்தால் அங்கேயுமா, அதற்குத் தனிக்கட்டணமா" என்று ஊர்ப்பெயர்களைச் சொல்லிக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் நாங்கள் 'மணாலி முழுக்கச் சுற்றிக்காட்டுவது' என்று பேசி முன்பணம் கொடுத்திருந்தோம். எங்கள் ஓட்டுநரின் அகராதியில் மணாலி சோலாங்கோடு முடிந்துவிட்டது.

நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வைத்த சொந்த வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்று சொல்பவரிடம் எடுத்தால், விபத்து நேரும்போது காப்பீடு கைவிட்டுவிடும். எடுக்கும்போது டயரின் தேய்மானத்தையும் ஸ்டெப்னியையும் பிரேக்கையும் வைப்பரையும் நீங்களே பாருங்கள். கிளட்சு வாடை அடிக்கிற வண்டியை எடுக்காதீர்கள். மலையில் நெரிசலில் ஏறி நிற்கும்போது அதுதான் முதலில் கைவிடும்.

நான்காம் படி: சண்டிகரிலிருந்து மணாலி

தூரம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். கீரத்பூரிலிருந்து நேர்சௌக் வரை நான்குவழிச் சாலையும் சுரங்கங்களும் வந்தபிறகு பயணம் வெகுவாக எளிதாகிவிட்டது. மண்டிக்குப் பிறகுதான் பொறுமை வேண்டும். பண்டோ அணையிலிருந்து ஔட் வரையிலான பகுதியில் ஒருபக்கம் செங்குத்தான மலையும் மறுபக்கம் பியாஸ் ஆறுமாக இருப்பதால் கற்கள் உருண்டு சாலை அடைபடுவது புதிதில்லை; 2023 ஜூலையில் வெள்ளம் இந்தச் சாலையின் பல பகுதிகளையே கொண்டுபோயிற்று. ஆகவே இந்தப் பகுதியைப் பகலில், மழை இல்லாதபோது கடப்பது போலத் திட்டமிடுங்கள். குலு, மண்டி மாவட்டக் காவல்துறையினர் சாலை நிலவரத்தைத் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் வெளியிடுகிறார்கள். கிளம்பும் காலையில் அதைப் பார்த்துவிடுங்கள்.

வழியில் ஆறு அழகாக ஆழமில்லாமல் தெரியும் இடங்களில் படம் எடுக்க இறங்கத் தோன்றும். 2014 ஜூன் 8 அன்று தலோட் அருகே அப்படித்தான் ஐதராபாத்திலிருந்து வந்த பொறியியல் மாணவர்கள் பியாஸ் ஆற்றுக்குள் பாறைகளில் நின்றிருந்தார்கள்; லார்ஜி அணையிலிருந்து திடீரெனத் திறந்துவிட்ட நீர் 24 மாணவர்களைக் கொண்டுபோனது. வானம் தெளிவாக இருந்தாலும் ஆறு உயரும். கரையிலிருந்தே பார்த்துவிட்டு வண்டியேறுங்கள்.

மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிராமல், ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். குலுவுக்குப் பிறகு வலக்கரை நெடுஞ்சாலை வார இறுதியில் நெரிசலால் திணறும். ஆற்றின் இடக்கரையில் நக்கர் வழியாகப் போகும் சாலை குறுகலானாலும் அமைதியானது. முதல் இரவை மணாலியில் கழிக்காமல் நக்கரிலேயே தங்குவது என் விருப்பம். சற்றுத் தாழ்வான ஊர் என்பதால் உடல் மெதுவாகப் பழகும். ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே பிள்ளைகள் ஓடியாட இடமும் உண்டு.

ஐந்தாம் படி: உடம்பை உயரத்துக்குப் பழக்குங்கள்

பருவத்தின் கடைசியில் பனி பார்ப்பதற்கும் குளிர்காலத்தில் பார்ப்பதற்கும் உள்ள உண்மையான வேறுபாடு இந்தப் படியில்தான் இருக்கிறது. சனவரியில் பனி 2,000 மீட்டருக்கு இறங்கி வந்து நம்மைப் பார்க்கிறது. மே மாதத்தில் நாம் 3,000, 4,000 மீட்டருக்கு ஏறிப் போய் அதைப் பார்க்கிறோம். ரோஹ்தாங் கணவாயின் உயரம் 3,978 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் 62 விழுக்காடுதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு.

உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தலைகாட்டும். தலைவலி, குமட்டல், பசியின்மை, காரணமற்ற சோர்வு, தூக்கம் கெடுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். பேசத் தெரிந்த பிள்ளை தலை வலிக்கிறது என்று சொல்லிவிடும். மூன்று வயதுக் குழந்தை காரணமில்லாமல் நச்சரிக்கும், விளையாட்டில் ஈடுபடாது, பிடித்த பண்டத்தையும் தள்ளிவிடும். மலைப்பாதையில் வாந்தி எடுப்பதற்கும் இதற்கும் குழப்பம் வருவது இயல்பு. வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் காற்றாட நின்றதும் சரியானால் அது பயண மயக்கம். நின்ற பிறகும் தலைவலியோடு தொடர்ந்தால் உயர நோய் என்றே எடுத்துக்கொண்டு உடனே இறங்கிவிடுங்கள். ஐந்நூறு மீட்டர் இறங்கினாலே பெரும்பாலும் தெளிவு வரும். நடை தள்ளாடுவதும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும், பேச்சு குழறுவதும் ஆபத்தின் அறிகுறிகள். அப்போது இறங்கிக்கொண்டே 108க்கோ 112க்கோ அழைக்க வேண்டும்.

நடைமுறையில் இதைக் கடைப்பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: பகலில் உயரே போங்கள், இரவில் தாழ்வாகத் தூங்குங்கள். முதல் இரவு நக்கர்; இரண்டாம், மூன்றாம் இரவுகள் மணாலி; பனிக்குப் போவது மூன்றாம் நாளில். இடைப்பட்ட நாளில் 1553இல் கட்டப்பட்ட ஹடிம்பா மரக்கோயிலையும் அதைச் சூழ்ந்த தேவதாருக் காட்டையும் மெதுவாக நடந்து பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்குவதானால் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் தங்குமிடத்தை உயர்த்தக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. அசெட்டசோலமைடு மாத்திரையைப் பற்றிப் பலர் சொல்வார்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது கேடு செய்யலாம், குழந்தைக்கு அளவும் வேறு என்பதால், கிளம்புமுன் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கி வைக்காதீர்கள். இதய நோய், நுரையீரல் நோய், இரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அவரிடம் வெளிப்படையாகவே பேசிவிட வேண்டும். எங்கள் அம்மா இரண்டாம் பயணத்தில் ரோஹ்தாங்குக்கு வராமல் விடுதியிலேயே வெயில்காய்ந்தபடி இருந்துவிட்டார். தமக்குக் குறையொன்றுமில்லை என்று அவர் சொன்னாலும், அதற்கு முன்தினமே கோக்சரில் அவர் காலடியில் பனி பட்டுவிட்டது என்பதால்தான் எங்களுக்கும் மனம் ஆறியது.

ஆறாம் படி: முதல் பனி நாள், சுரங்கத்துக்கு அப்பால்

2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதைதான் பின்பருவப் பயணிக்குப் பெரிய வரம். பீர் பாஞ்சால் மலைத்தொடரை 9.02 கிலோமீட்டர் துளைத்துச் செல்லும் இந்தப் பாதை மணாலிப் பக்கத்திலிருந்து லாஹௌல் பள்ளத்தாக்குக்கு நம்மைச் சில நிமிடங்களில் கொண்டுபோய்விடுகிறது. இரண்டு வாயில்களும் 3,000 மீட்டருக்கு மேலே இருப்பதால், மணாலியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரம் மீட்டர் ஏறிவிட்டிருப்போம். மேற்சொன்ன இடைப்பட்ட நாளை விட்டுவிடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். சுரங்கத்துக்குள் வண்டியை நிறுத்துவதும் படமெடுக்க இறங்குவதும் குற்றம்; அபராதம் விதிக்கிறார்கள். ரோஹ்தாங்குக்கு வேண்டிய அனுமதிச்சீட்டு சுரங்கம் வழியாக லாஹௌல் செல்லத் தேவையில்லை.

காலை ஆறு மணிக்குள் மணாலியை விட்டுப் புறப்பட்டுவிடுங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு பல்சானில் தொடங்கும் வரிசை நகராது என்பது ஒரு காரணம். பனியின் இயல்பு இன்னொரு காரணம்: இரவில் உறைந்து இறுகிய பனி காலையில் காலைத் தாங்கும், நண்பகலுக்குப் பிறகு கூழாகி முழங்கால்வரை உள்வாங்கும். பனி உருகும் பிற்பகலில் சாலையைக் குறுக்கே கடக்கும் ஓடைகளில் நீர் பெருகும். மலையிலிருந்து கற்கள் தளர்ந்து விழுவதும் அப்போதுதான் அதிகம். ஆகவே இரண்டு மணிக்குள் திரும்பிச் சுரங்கத்துக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

வடக்கு வாயிலிலிருந்து வெளியே வந்ததும் வண்டிகளில் பெரும்பான்மை இடப்பக்கம் சிஸ்ஸுவை நோக்கித் திரும்பும். அருவியும் ஏரியுமாக அழகான ஊர்தான். ஆனால் வெயில் படும் அகன்ற பள்ளத்தாக்கில் சுமார் 3,100 மீட்டரில் இருப்பதால் மே தொடக்கத்திலேயே ஊருக்குள் பனி கரைந்துவிடும். நீங்கள் முதலில் வலப்பக்கம் கோக்சரை நோக்கித் திரும்புங்கள். உயரம் ஏறக்குறைய அதேதான் என்றாலும் அங்கே பள்ளத்தாக்கு குறுகி, நிழல் நீண்டு, பனிச்சரிவுகள் குவித்த மேடுகள் சாலையோரம்வரை கிடக்கும். அங்கும் இல்லையென்றால் கிராம்பு என்னும் இடத்திலுள்ள முச்சந்தியை நோக்கிச் சாலை எதுவரை திறந்திருக்கிறதோ அதுவரை மேலே போகலாம். பனியில் விளையாடி முடித்த பிறகு சிஸ்ஸுவில் ராஜ்மா சாதமோ நூடுல்சோ சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் நாள் நிறைவாகும்.

திடீரென மேற்கத்திய இடையூறு வந்து புதிய பனி பெய்வது ஏப்ரல் இறுதியிலும் நடக்கும். அன்று காவல்துறையினர் நேரு குண்ட் அருகிலோ சோலாங்கிலோ வண்டிகளை நிறுத்தி, நான்கு சக்கர இயக்கம் உள்ளவற்றை மட்டும் விடுவார்கள். வாதாட வேண்டாம். அப்படிப்பட்ட நாளில் பனி தானே சோலாங் வரைக்கும் இறங்கி வந்திருக்கும்.

ஏழாம் படி: ரோஹ்தாங் அனுமதி

எல்லைச் சாலைகள் அமைப்பு பனியை வெட்டிப் பாதையைத் திறந்து, மாவட்ட நிர்வாகம் சுற்றுலா வண்டிகளை அனுமதிக்கும் நாள் ஆண்டுக்காண்டு மாறும். பெரும்பாலும் மே மாதத்தில் வரும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி ஒரு நாளைக்கு 1,200 சுற்றுலா வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி: பெட்ரோல் வண்டிகள் 800, டீசல் வண்டிகள் 400. பத்தாண்டுக்கு மேற்பட்ட வண்டிக்குக் கிடைக்காது. செவ்வாய்க்கிழமைகளில் பராமரிப்புக்காகச் சாலை மூடப்படும் என்பதால் உங்கள் உயரமான நாளைச் செவ்வாயில் வைக்காதீர்கள். விண்ணப்பத்தை அரசின் இணையதளத்தில் வண்டியின் பதிவுச்சான்று, மாசுச்சான்று, அடையாள அட்டை விவரங்களோடு நிரப்ப வேண்டும். வண்டி எண் தேவை என்பதால் டாக்சி எடுப்பவர்கள் ஓட்டுநர் வழியாகவே செய்யலாம். ஆனால் அனுமதிச்சீட்டின் படியைக் கண்ணால் பார்த்த பிறகே அதற்கான பணத்தைக் கொடுங்கள்.

திறந்த புதிதில் கணவாய்ச் சாலையின் இருபுறமும் வெட்டிய பனி மதில்போல் நிற்கும். அதன் அடியில் குடும்பமாக நின்று படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. வெயிலில் அந்த மதிலின் மேல்விளிம்பு துண்டாக உடைந்து விழக்கூடும். உறைந்து இறுகிய பனிக்குக் கல்லின் கனம் உண்டு. மதிலின் உயரத்துக்குச் சமமான தூரமாவது தள்ளி நில்லுங்கள். மேலே ஒரு மணி நேரம் போதும். ஓடாதீர்கள், பிள்ளைகளையும் ஓடவிடாதீர்கள், தண்ணீரை அடிக்கடி கொடுங்கள்.

எட்டாம் படி: பனியில் இறங்கும்போது

பின்பருவப் பனி மேலே திடமாகவும் அடியில் பொள்ளலாகவும் இருக்கும். உருகிய நீர் அடியில் ஓடையாக ஓடி மேலே ஒரு பாலத்தை மட்டும் விட்டுவைக்கும். அதில் கால் வைத்தால் உடைந்து பனிநீருக்குள் விழ நேரிடும். பனிமேட்டின் விளிம்பிலிருந்து நீர் சலசலக்கும் ஓசை கேட்டாலோ, பாறையைச் சுற்றி இடைவெளி விழுந்திருந்தாலோ அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் சறுக்கி விளையாடும் சரிவின் அடிவாரத்தில் சாலையோ ஆறோ பாறையோ இல்லாமல் சமதளம் இருக்கிறதா என்று முதலில் நீங்கள் இறங்கிப் பாருங்கள்.

கண்ணைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. புதுப்பனி புறஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பியனுப்பும். உயரம் கூடக்கூடக் கதிரின் வலிமையும் கூடும். மேகமூட்டமான நாளிலும் குளிர்க்கண்ணாடி கட்டாயம். வாங்கும்போது புறஊதாத் தடுப்பு உள்ளதா என்று பாருங்கள், திருவிழாக் கடைக் கண்ணாடி உதவாது. வெயில்காப்புக் களிம்பை மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் பூச வேண்டும், ஏனெனில் வெயில் கீழிருந்தும் வருகிறது.

பனியுடையும் கம்பூட்டும் பல்சான் செல்லும் வழியில் எண் போட்ட கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். உடையைவிடக் காலணியில் கவனம் வையுங்கள். ஓட்டையில்லாததாகவும், தடித்த காலுறையோடு விரல் அசைக்க இடம் இருப்பதாகவும் பார்த்து எடுங்கள். உள்ளே பருத்திப் பனியன் நனைந்தால் காயாது என்பதால் கம்பளியோ செயற்கை நூலோ நல்லது. ஒவ்வொருவருக்கும் இரண்டு இணை மாற்றுக் காலுறையும் ஒரு மாற்றுக் கையுறையும் வண்டியில் இருக்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டிக்குள் அழைத்துக் கைவிரலைத் தொட்டுப் பாருங்கள். மரத்துப்போயிருந்தால் உங்கள் கக்கத்தில் வைத்துச் சூடேற்றுங்கள், தீயருகே காட்டாதீர்கள். சறுக்குப் பலகைக்கும் குதிரைக்கும் ஆள் கணக்கா, நேரக் கணக்கா என்று ஏறுமுன்பே விலை பேசிவிட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. மணாலியில் தண்ணீர் ஏறக்குறைய 93 பாகையிலும் சிஸ்ஸுவில் 90 பாகையிலும் கொதித்துவிடும். விடுதி அறையில் மின்கெண்டியில் அரிசி வேகவைக்கலாம் என்று எடுத்துப்போனால் அரைவேக்காடுதான் கிடைக்கும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாயை எடுத்துக்கொள்ளுங்கள், சோற்றைக் குக்கர் உள்ள சமையலறையில் வாங்கிக்கொள்ளுங்கள். பனி நாளில் ஃபிளாஸ்கில் வெந்நீரும் சுக்குக்காப்பியும் இருந்தால் போதும். குப்பையை மீண்டும் மணாலிக்கே எடுத்து வந்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: ஒரு நாளைச் சும்மா விடுங்கள்

சண்டிகரில் தொடங்கிச் சண்டிகரில் முடியும் பயணத்துக்கு ஏழு நாள் ஒதுக்குங்கள்: போக ஒன்று, பழக ஒன்று, கோக்சருக்கு ஒன்று, ரோஹ்தாங்குக்கு ஒன்று, திரும்ப ஒன்றரை. மிஞ்சும் ஒன்றரை நாளை எதற்கும் எழுதிவைக்காமல் விட்டுவிட வேண்டும். மலையில் வானிலை ஒரு நாளைத் தின்றுவிடும் என்பது ஏறக்குறைய உறுதி. தின்னாவிட்டால் அந்த நாளில் கேலாங் வரை போய்வரலாம். சுரங்கம் வழியாக மணாலியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். வழியில் தாண்டியில் சந்திரா, பாகா ஆறுகள் கூடிச் சீனாப் நதியாகும் இடத்தைப் பார்க்கலாம். எரிபொருளை மணாலியிலேயே முழுதாக நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள். கேலாங்குக்கும் அப்பால் 4,890 மீட்டரில் இருக்கும் பாராலாச்சா கணவாயின் பனிமதில் படங்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். கேலாங் பக்கத்தில் இரண்டு இரவாவது தங்கிப் பழகாமல் பிள்ளைகளோடு அந்த உயரத்துக்குப் போவது தகாது.

திரும்பும் நாளில் மணாலியிலிருந்து விடிகாலையில் கிளம்பி மண்டிக்கு மேற்பட்ட பகுதியைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். அன்றைய இரவை பிலாஸ்பூரிலோ சுந்தர்நகரிலோ கழித்து, ரயிலோ விமானமோ மறுநாள் மாலைக்குப் பிறகு இருக்குமாறு முன்பதிவு செய்திருக்க வேண்டும். அதே நாளில் சண்டிகரில் ரயிலைப் பிடிக்கலாம் என்று கணக்கிட்ட ஒரு குடும்பம் பண்டோ அருகே கல் சரிந்த வரிசையில் எங்களுக்கு முன்னால் ஐந்து மணி நேரம் நின்றது. அவர்களுடைய ரயில் அவர்கள் இல்லாமலேயே கிளம்பிவிட்டதை மறுநாள் காலை தேநீர்க் கடையில் சந்தித்தபோது தெரிந்துகொண்டோம்.